இருபது குதிரையும் ஒரு புளியங்கட்டையும்

வா மாப்ளே, உக்காரு. விறகு ஒடைக்கற மிசினு செய்யப் போறேன்னு உன்ற அம்மா சொன்னா. நல்ல ரோசனைதான். பைபாசுல பத்தடிக்கு ஒரு போர்டு வெச்சிருக்கறான், 'விறகு அடுப்பு பிரியாணி'ன்னு. கேஸ் வந்தப்ப அடுப்பை ஒடச்சுப் பொடக்காளியில வீசுன சனம், இப்பக் காருல போயி, டோக்கன் வாங்கி நின்னு, புகை வாசத்துக்குக் காசு குடுக்குது. அந்தக் கிறுக்கு தெளியறதுக்குள்ள நீ நாலு காசு பாத்துக்கோணும். அதுல எனக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்லை.

மோட்டாரு 20 எச்.பி. போடறியாமா? போடு. பூசை போடறன்னைக்கு ஊரே வந்து வாயைப் பொளந்து பாக்கும். மாசக் கடைசியில கரண்ட்டு பில்லை மட்டும் தனியா உக்காந்து பாத்துக்க. தோட்டத்து சர்வீசுல இழுத்துக்கலாம்னு உள்ளுக்குள்ள ஒரு கணக்கு ஓடுதே, அது எனக்குத் தெரியுது; உன்ற அப்பன் மூஞ்சியிலயும் இதே கணக்கு ஓடும், பாத்திருக்கறேன். இலவசக் கரண்ட்டு வாழைக்குத் தண்ணி பாச்சத்தான், பிரியாணிக்கடைக்குக் கட்டை பொளக்க இல்லீன்னு லைன்மேனுக்கும் தெரியும். தெரியாதவன் உங்கூர்ல நீ ஒருத்தன்தான்.

நான் நாலாப்புப் படிச்சவன். நீ இன்சினீர். தப்பாச் சொன்னாத் திருத்திக்க. நாலு இஞ்சு சிலிண்டரு, 24 இஞ்சு ஓட்டம். அதானே உன்ற படம்? சிலிண்டரு வாய் 81 சதுர சென்டிமீட்டரு. அதுக்குள்ள சென்டிமீட்டருக்கு 210 கிலோ பிரஷர்ல எண்ணெயை அமுக்குனா 17 டன்னு தள்ளும். சரி. அந்தச் சிலிண்டரு ஒருக்கா முன்னால வரோணும்னா அஞ்சு லிட்டர் எண்ணெய் குடிக்கும். ஆப்பு விறுவிறுன்னு வரோணும்னு நீ நிமிசத்துக்கு 42 லிட்டர் தள்ளற பம்பு போடறே. ஏழே செகண்டுல வந்துரும். 42 லிட்டரையும் 210 கிலோவுல தள்ளோணும்னா எவ்வளவு குதிரை வேணும்? 19 கிட்ட ஆகும். பம்பு தின்னுத் துப்பற நட்டத்தைச் சேத்துனா 20 பத்தாது, 22-க்கு மேல போயிரும். உன்ற கணக்குத் தப்பில்லை மாப்ளே, கோவிச்சுக்காதே. கணக்கு சரி. கட்டையைத்தான் நீ பாக்கலை.

ஆப்பு கட்டையைத் தொடற வரைக்கும் எதைத் தள்ளுது? காத்தை. காத்தைத் தள்ளறதுக்கு 17 டன்னு எதுக்குடா? தொட்டதுக்குப் பொறவு கட்டை வீறுவிட்டுப் பொளக்கற வரைக்கும், அது ரெண்டு இஞ்சோ மூணு இஞ்சோ, அங்கதான் பெலம் வேணும். பொளந்தாச்சுன்னா மறுபடியும் காத்து. திரும்பி வாரப்பவும் காத்து. 24 இஞ்சு ஓட்டத்துல மூணு இஞ்சுக்கு வேணுங்கற பெலத்தை மொத்த ஓட்டத்துக்கும் வாங்கி வெக்கறவனை என்னன்னு சொல்றது? இன்சினீருன்னு சொல்லலாம்.

அமெரிக்காவுல, கனடாவுல குளிருக்கு ஊட்டுக்குள்ள கட்டை எரிக்கற குடியானவங்க இருக்கறாங்க. ஒவ்வொருத்தன் கொட்டாயிலயும் இந்த மிசினு நிக்குது. அவன் போடற மோட்டாரு, பெட்ரோல்ல ஓடறது, அஞ்சாறு குதிரைதான். உன்ற கணக்குல நாலுல ஒரு பங்கு. ஆனா ஆப்பு ஏழு செகண்டுல வருது. 17 டன்னும் தள்ளுது. மந்திரமில்லை. பம்பை ரெட்டைப் பம்பா வாங்கறான். டூ ஸ்டேஜுன்னு கேளு, கோயமுத்தூருல கணபதிப் பக்கம் ஹைட்ராலிக் பட்டறைக்காரன் எவனைக் கேட்டாலும் எடுத்துக் காட்டுவான். மொதல்ல ஒத்தைப் பம்பைத்தான் உன்ற தலையில கட்டப் பாப்பான். நீ பேண்ட்டு போட்டுட்டுப் போனா கண்டிப்பாக் கட்டுவான்.

அந்தப் பம்பு வயித்துக்குள்ள என்ன இருக்குதுன்னு கேளு. ஒரே தண்டுல ரெண்டு சோடி பல்லுச்சக்கரம். ஒண்ணு அகலம், ஒண்ணு குறுக்கம். உறிஞ்சற வாய் ரெண்டுக்கும் ஒண்ணு, வெளிய தள்ளற வாயும் ஒண்ணு. இது நம்ம பெரிய பங்காளி, சின்னப் பங்காளி கதைதான், வேற ஒண்ணுமில்லை. கட்டைக்கு ஆப்பு படற வரைக்கும் பெரியவன் முன்னால நின்னு அள்ளி அள்ளித் தள்ளுவான். மொத்தம் 42 லிட்டருன்னா அதுல முப்பதுக்கு மேல அவன் சரக்குத்தான். பாக்கறவன் எல்லாம் பெரியவன்தான் குடும்பத்தைத் தாங்கறான்னு நெனைப்பான். ஆப்பு கட்டையில பட்டு பிரஷர் 40, 45 கிலோ ஏறுச்சோ இல்லையோ, பெரியவன் நைசாத் துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு ஒதுங்கிக்குவான். சின்னவன் ஒத்தையாளா, பத்துப் பத்தரை லிட்டர் எண்ணெயை வெச்சுக்கிட்டு, மெதுவா, 210 கிலோ வரைக்கும் முட்டுவான். நோம்பிக்கு முன்னால நிக்கறவன் யாரு, பேங்குல சாமீன் கையெழுத்துப் போடறவன் யாருன்னு உனக்கு நான் சொல்லித் தெரியோணுமா?

ஆனா ஒரு வித்தியாசம். நம்ம பெரிய பங்காளி ஒதுங்குனா குடும்பத்துக்கு நட்டம். இங்க பெரியவன் ஒதுங்கறதுதான் மோட்டாருக்கு லாபம். கணக்குப் போட்டுப் பாரு: 42 லிட்டரை 45 கிலோவுல தள்ளறதுக்கு நாலே கால் குதிரை. பத்தரை லிட்டரை 210 கிலோவுல தள்ளறதுக்கு அஞ்சு குதிரை. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு! மோட்டாருக்குத் தான் காத்தைத் தள்ளறமா கட்டையைப் பொளக்கறமான்னே தெரியாது. எவன் மொதல்ல ரோசிச்சானோ, அவன் கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கலாம்.

பெரியவனை ஒதுங்கச் சொல்றது யாருங்கறே? பம்புக்குள்ளயே ஒரு ஸ்பிரிங்கும் ஒரு சின்ன உருளையும் இருக்குது. அன்லோடிங் வால்வும்பாங்க. பிரஷர் ஏறி ஸ்பிரிங்கை அமுக்குச்சுன்னா உருளை நகந்து வழி விடும். பெரியவன் தள்ளற எண்ணெய் வந்த வழியே உறிஞ்சற பக்கம் திரும்பிப் போயிரும். நடுவால ஒரு என்ஆர்வி, ஒருவழி வால்வு, காவலுக்கு நிக்கும், சின்னவன் ஏத்துன பிரஷரு பெரியவன் பக்கம் ஒழுகக் கூடாதுன்னு. வெளிய பாத்தா ஒரு லாக் நட்டு, ஒரு ஸ்குரூ. அந்த ஸ்குரூவை முறுக்குனா பெரியவன் இன்னும் சித்தெ நேரம் நிப்பான். நீ அதைக் கையிலயே தொடாதே. தொடுவே, எனக்குத் தெரியும். தொட்டின்னா கால் சுத்து திருப்பி, கேஜைப் பாத்துட்டு, மறுபடி திருப்பு. கேஜ் மாட்டாம அந்த ஸ்குரூவைத் திருப்பறவனை நான் மாப்ளேன்னு கூப்பிட மாட்டேன்.

இன்னொண்ணு சொல்றேன், ஆருகிட்டயும் சொல்லாதே. நேரா வளந்த சவுக்கு, முடிச்சில்லாத தைலமரம் இதையெல்லாம் வெச்சா சின்னவன் எந்திரிக்கவே மாட்டான். பெரியவன் நிக்கறப்பவே 81 சென்டிமீட்டருக்கு 45 கிலோன்னா மூணரை டன்னு வந்துருதல்ல? அதுலயே படார்னு பொளந்துக்கும். சின்னவனுக்கு வேலை வெக்கறது புளியங்கட்டை. முறுக்கின நாரு, கிளை பிரிஞ்ச முடிச்சு. ஆப்பு போயி முட்டுன ஒடனே மோட்டாரு சத்தம் ஒரு படி எறங்கும். ஆப்பு நின்னுபோச்சோன்னு நீ பதறுவே. நிக்காது; உத்துப் பாத்தா நகந்துட்டே இருக்கும். கேஜ் முள்ளு 60, 90, 140-ன்னு ஏறும். கட்டைக்குள்ள நாரு ஒண்ணொண்ணா அறுபடற சத்தம் கேக்கும். திடீர்னு முள்ளு உளுந்துரும், ஆப்பு மறுபடி ஓட ஆரம்பிக்கும். பெரியவன் வந்துட்டான், எல்லாம் நான்தான் பொளந்தேன்னு. கேஜ் இல்லாத மிசினுல இந்தக் கூத்து எதுவும் தெரியாது.

இந்த அமுக்கற வித்தையே பழசுதான். 1795-ல லண்டன்ல ஜோசப் பிராமான்னு ஒரு பூட்டு ஆசாரி தண்ணியில அமுக்கற பிரஸ்சுக்குப் பேடண்டு வாங்குனாரு. அதுக்கு முன்னால, 1778-ல, கக்கூசுக்குத் தண்ணி உடற வித்தைக்கும் பேடண்டு வாங்குன மனுசன்; எதையும் உடறதில்லை. பிரஸ்சுல தண்ணி ஒழுகுச்சு. அவருகிட்ட வேலை பாத்த ஹென்றி மாட்ஸ்லேங்கற பையன்தான் தோல்ல கிண்ண வாசர் பண்ணிப் போட்டு ஒழுக்கை நிறுத்துனான்னு சொல்றாங்க. தண்ணி அமுக்க அமுக்க வாசர் விரிஞ்சு சுவத்தைக் கவ்விக்கும். அந்தப் பையன் கூலி சேத்திக் கேட்டிருக்கறான். பிராமா முடியாதுன்னுட்டாரு. 1797-ல தனியாப் பட்டறை போட்டுட்டான். பின்னால லேத்துல ஸ்குரூ வெட்டறதுக்கே பேரு வாங்குனவன் அவன். இதை நான் எதுக்குச் சொல்றேன்னு பின்னால தெரியும்.

இப்ப நீ உளப் போற குழியெல்லாம் வரிசையாச் சொல்றேன்.

அமெரிக்காக்காரன் பம்பு மேல '11 கேலன்'னு போட்டிருப்பான். அதான் அந்த 42 லிட்டரு. எத்தனை சுத்துக்கு? 3600 சுத்துக்கு. அவன் பெட்ரோல் இஞ்சின் அப்படி ஓடும். நீ என்ன பண்ணுவே? பழைய மில்லு ஏலத்துல 1440 சுத்து மோட்டாரு சல்லிசாக் கெடச்சுதுன்னு தூக்கிட்டு வருவே. 1440-ல ஓட்டுனா பம்பு 17 லிட்டருதான் தரும். ஆப்பு போயிட்டு வர அரை நிமிசம். லோடுக்காரன் பீடி பத்த வெச்சு அணைச்சுருவான். அப்பறம் பம்பு மோசம்னு விக்கறவனைத் திட்டுவே. 2880 சுத்து மோட்டாரு பாரு, த்ரீ பேஸ், 5 எச்.பி. அதுல முப்பத்திமூணு லிட்டர் வரும். போறதுக்கு ஒம்பது செகண்டு, திரும்பறதுக்கு ஏழு. இதே 5 எச்.பி.க்கு ஒத்தைப் பம்பு போட்டிருந்தா போயிட்டு வரவே ஒரு நிமிசம் ஆகும். 1440 மோட்டாருதான் இருக்குது, வேற வழியில்லைன்னா ஒண்ணு பண்ணு; அதுவும் 5 எச்.பி.யா இருக்கோணும், பம்பைப் பெருசா வாங்கு.

டிராக்டரு பின்னால மாட்டிக்கறேன்னு உன்ற மச்சான் சொல்லுவான். அந்தத் தண்டு சுத்தறது 540. நேரா மாட்டுனா நிமிசத்துக்கு ஆறு லிட்டரு சொச்சம். மச்சான் ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வாரப்ப ஆப்பும் வந்துரும். நடுவால சுத்தை ஏத்தற கியர் பாக்ஸ் போட்டா ஆகும். மச்சான் காசுல போடச் சொல்லு.

நம்மூருல எதையும் பெல்ட்டுல ஓட்டிப் பழகிட்டாங்க. கியர் பம்புக்குப் பெல்ட்டு ஆகாது. பக்கவாட்டுல இழுத்தா உள்ள புஸ்சு தேஞ்சு பம்பு சாகும். மோட்டாரும் பம்பும் நேருக்கு நேர் நிக்கோணும், நடுவால லவ்ஜாய் கப்ளிங். அதைத் தண்டுல சுத்தியில அடிச்சு ஏத்தாதே. நீ அடிக்கற அடி பம்புக்கு உள்ளாற போயிப் படும். ரெண்டு கப்ளிங்குக்கும் நடுவால சித்தெ எடவெளி உடு. மோட்டாருக்காரன் ரெண்டு ஒயரை மாத்திக் குடுத்துட்டா பம்பு திருப்பிச் சுத்தும், ஆயில் சீல் பிதுங்கி வந்துரும். பம்பு மேல அம்புக்குறி போட்டிருப்பான். சாமி கும்பிடறதுக்கு முன்னால அம்புக்குறியைப் பாரு. கப்ளிங்கு மாட்டறதுக்கு முன்னாலயே மோட்டாரைத் தனியா ஒரு தட்டு தட்டிப் பாத்தா முடிஞ்சுபோச்சு.

உறிஞ்சற ஓஸ்ல கஞ்சத்தனம் பண்ணாதே. ஒரு இஞ்சுக்குக் கொறைய வேண்டாம், நீளம் எவ்வளவு கொறையுதோ அவ்வளவு நல்லது, டேங்கு பம்புக்கு மேல இருக்கட்டும். தள்ளற பக்கம் ஓஸ் ஒடஞ்சா எண்ணெய் கொட்டும், எல்லாருக்கும் தெரியும். உறிஞ்சற பக்கம் கிளாம்ப் லூசானா ஒரு சொட்டும் வெளிய வராது. காத்து உள்ள போகும். பம்பு ஊளையிடும், எண்ணெய் மோர் நெறத்துக்கு மாறும், ஆப்பு நொண்டி நொண்டிப் போகும். அப்ப எவனாவது பம்பு போச்சுன்னு சொன்னா அவனுக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டு, கிளாம்பை முறுக்கு.

எண்ணெய் 46 நம்பர் போடு. சித்திரை வெயில்ல தகரக் கொட்டாயில ஓட்டறதுன்னா 68. நாப்பது லிட்டருக்குக் கொறையாம டேங்கு. திரும்பி வர்ற லைன்ல பில்டரு. லாரி ஆயிலை வடிகட்டி ஊத்தலாம்னு யாரோ வீடியோவுல சொல்லியிருப்பானே? அவன் வீடியோ போட்டுச் சம்பாதிக்கறான், விறகு ஒடச்சு இல்லை.

மிசினு மக்கர் பண்ணுச்சுன்னா மெக்கானிக்கைக் கூப்பிடறதுக்கு முன்னால நின்னு பாரு. ஆப்பு கட்டையைத் தொட்ட ஒடனே மோட்டாரு முக்கி நின்னு போகுதா? பெரியவன் ஒதுங்க மாட்டீங்கறான். ஸ்குரூவை எவனோ முறுக்கிட்டான், இல்லை உருளை சிக்கிக்கிச்சு. எவனோன்னா நீதான். காத்துலயே ஆப்பு ஆமை வேகத்துல போகுதா? பெரியவன் காலையிலயே ஒதுங்கிட்டான். அன்லோடிங் வால்வுல தூசி, பில்டரை நீ கழட்டி வெச்சிருப்பே. வேகமா வந்து, தொட்டு, மோட்டாரும் முக்காம சும்மா நின்னுக்குதா? இதுக்கு மூணு நாலு காரணம் இருக்குது. லீவர் வால்வுல இருக்கற ரிலீப் எறங்கியிருக்கலாம், என்ஆர்வி ஒழுகலாம், சின்னவன் பல்லு தேஞ்சிருக்கலாம், சிலிண்டருக்குள்ள சீல் போயிருக்கலாம். ரிலீப்புல ஆரம்பி, காசு செலவில்லாதது அதுதான். முறுக்கறப்ப கேஜ் 210-ஐத் தாண்டக் கூடாது. 'இன்னும் ரெண்டு டன்னு கெடைக்கும் மாமா'ன்னு நீ சொல்லுவே. ரெண்டு டன்னு கெடைக்கும்; ஓஸ் எந்தப் பக்கம் வெடிக்கும்னு மட்டும் சொல்ல முடியாது. டன்னு வேணும்னா அஞ்சு இஞ்சு சிலிண்டரு போடு. அதே பிரஷருக்கு 26 டன்னு தரும். ஆனா எட்டு லிட்டரு கிட்டக் குடிக்கும். ஒம்பது செகண்டு பதினாலு ஆகும்.

இனி வெளையாட்டில்லை, காதைக் குடு. ஓஸ்ல ஊசிமுனை ஓட்டை உளுந்து எண்ணெய் புகையாப் பீச்சுனா வெரலை வெச்சுத் தடவிப் பாக்காதே. அந்த பிரஷருக்கு எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ள போயிரும். முள்ளுக் குத்துன அளவுக்குத்தான் தெரியும், வலிகூட மொதல்ல இருக்காது. மஞ்சள் பத்துப் போட்டுப் படுத்தா வெரலையே எடுக்கற நெலமை வரும். ஒடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி, எண்ணெய் உள்ள போயிருச்சுன்னு சொல்லோணும், அறுத்துக் கழுவோணும். ஓட்டையைத் தேடறதுக்கு ஒரு அட்டைத் துண்டைக் காட்டு, போதும்.

அப்பறம் லீவரு. திரும்பி வாரப்ப லீவரு தானா நின்னுக்கும், வந்து சேந்ததும் தானா எறங்கிக்கும், அது சரி. முன்னால போறப்பக் கையில புடிச்சிருந்தாத்தான் போகோணும். அதைக் கம்பியில கட்டி உடற புத்தி உனக்கு மூணாம் நாளு வரும். வந்தா அந்தக் கம்பியை என்றகிட்டக் கொண்டா, அவரைப் பந்தலுக்கு ஆகும். ஒருத்தன் கட்டையை வெக்கறது, இன்னொருத்தன் லீவரைத் தள்ளறதுங்கற பங்காளி வேலையும் வேண்டாம். ரெண்டாளு நிக்கற மிசினுல வெரலு போறது சுளுவு. கட்டை வெக்கறவனே லீவரையும் புடிக்கோணும். ஒத்தையாளு.

அந்த ஒத்தையாளு யாருன்னு நீ இன்னும் ரோசிக்கலை, எனக்குத் தெரியும். அரியானாப் பையனை வெக்கலாமா பீகார்ப் பையனை வெக்கலாமான்னு ஓடுது மனசு. லீவரை இடுப்பு ஒயரத்துக்கு வெய்யி மாப்ளே. உன்ற இடுப்புக்கு இல்லை, என்ற இடுப்புக்கு. ஒரு நாற்காலிக்கும் எடம் உடு. கூலியை உன்றகிட்டப் பேசறதா இல்லை; உன்ற அம்மா என்ற தங்கச்சிதானே, ரவைக்கு வந்து அவகிட்டப் பேசிக்கறேன். பிராமா பண்ணுன வேலையை மட்டும் நீ பண்ணாதே.